காவு கேட்ட மிஷின்

மிஷின் மறுபடியும் நின்றுபோனது.

மணிமாறன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த புல் கடற்காற்றில் சாவகாசமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இதே கதைதான். சாவியைத் திருப்பினால் டர்ரென்று கிளம்புகிறது. கொஞ்ச தூரம் போனதும், புல் வெட்டுப்படுகிறதா என்று பின்னால் திரும்பிப் பார்க்கப் பாதி எழுந்தால் போதும், உடனே உயிரை விட்டுவிடுகிறது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் கிளம்புகிறது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் வல்லரசு, தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி. "அது காவு கேக்குது."

வல்லரசு அந்த கெஸ்ட் ஹவுஸின் கார் டிரைவர். நல்ல ஆகிருதி. கார் ஓட்டும் நேரம் போக மீதி நேரமெல்லாம், அப்பவே சொன்னதை இப்போது ஞாபகப்படுத்துவதுதான் அவனுக்கு வேலை.

மணிமாறன் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டான். பதில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று தோன்றியது. இரண்டு குடும்பங்கள் வாசலில் நின்று ரூம் கேட்டுக்கொண்டிருந்தன.

பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்த கெஸ்ட் ஹவுஸுக்கு அவன்தான் மேனேஜர். ஓனர் முகம்மது கவுஸ் கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் தோட்ட வேலைக்குப் போய், அங்கேயே சூப்பர்வைசராகி, வயதான பிறகு போதும் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவருகிறார். சாமான்கள் கன்டெய்னரில் முன்னாலேயே வந்துவிட்டன. கட்டில், பீரோ, சோபா எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கியது இந்த மிஷின். சிவப்புப் பெயின்ட், நாலு சக்கரம், ஸ்டியரிங், மெத்தை வைத்த சீட். மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டலாம்.

பாய்க்கு ஒரு கனவு இருந்தது. கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் காடாகக் கிடக்கும் புல்வெளியைக் கல்யாண வரவேற்புகளுக்கு வாடகைக்கு விடுகிற லானாக மாற்ற வேண்டும். முதல் நிகழ்ச்சி, ஊரிலேயே தங்கிப் படித்த அவருடைய மகள் தமன்னாவின் நிக்காஹ் விருந்து. ஞாயிற்றுக்கிழமை. பாயும் அவர் மனைவியும் சனிக்கிழமை வந்து இறங்குகிறார்கள்.

"மணி, இந்த மிஷினை யாருக்கும் ஒரு கீறல் படாம எவன் ஓட்டறானோ, அவன்தான் லானுக்கும் மேனேஜர்" என்று போனில் சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டது, பாயின் அக்கா மகன் ஆசிப் டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் கோட்டக்குப்பத்தில் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது. அது மணிமாறனுக்குத் தெரியும். அவன் மனைவி கலைப்பிரியாவுக்கும் தெரியும். லான் மேனேஜர் வேலை ஆகிவிட்டது என்று ஓமந்தூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அவள் ஏற்கெனவே சொல்லியும் விட்டாள். அதனால் பின்வாங்க வழியில்லை.

மணிமாறன் நல்லவன், உழைப்பாளி. அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். எதிரே இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அதற்குப் பதில் சொல்லிவிடுவான். ஒருதடவை பாய் போன் செய்து "அந்தப் பழைய தண்ணி டேங்க்கை" என்று ஆரம்பித்ததுமே, "கழுவியாச்சுங்க பாய்" என்றான். விற்றுவிடு என்று சொல்ல வந்தவர், கழுவினவரைக்கும் நல்லதுதான் என்று விட்டுவிட்டார்.

மிஷின் வந்து இறங்கிய அன்றும் பாய் போன் செய்தார். அரைமணி நேரம் பாதுகாப்பைப் பற்றியே பேசினார். ஷார்ஜாவில் அவரோடு வேலை பார்த்த பனமலைக்காரர் ஒருத்தர், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் சிக்கிய புல்லைக் காலால் தள்ளிவிடப் போய் கட்டைவிரலைப் பறிகொடுத்தாராம். ஆகவே ஈரப் புல்லில் ஓட்டக் கூடாது, சரிவில் திருப்பக் கூடாது, கிட்டத்தில் ஆள் நிற்கக் கூடாது, கல்லு குச்சி கிடந்தால் முதலில் பொறுக்கிப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் வருகிற வரைக்கும் எவனும் மிஷினுக்கு அடியில் கை வைக்கக் கூடாது, குனிந்தும் பார்க்கக் கூடாது.

"வெக்க மாட்டாங்க பாய்" என்றான் மணிமாறன்.

பிறகு போன் அவர் மனைவி தாஜுன்னிசாவின் கைக்குப் போனது. வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் பாயம்மா. அதிகம் பேசாதவர். பேசினாலும் பாய் காதில் விழாத மாதிரி தணிந்த குரலில்தான் பேசுவார்.

"தம்பி, அந்த மிஷின்ல நான் ஒண்ணு..."

"பாத்துட்டேங்க பாயம்மா. எல்லாம் கரெக்டா இருக்குது."

"பாத்துட்டியா?" பாயம்மாவின் குரலில் ஒரு நிம்மதி. "அப்ப சரி. கோவிச்சுக்காத. பாய்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

எதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று மணிமாறனுக்குப் புரியவில்லை. ஆனாலும் "சரிங்க பாயம்மா" என்று போனை வைத்துவிட்டான்.

பூஜை போட்டுக்கொள்ளப் பாயிடம் அனுமதி கேட்டபோது, உங்கள் வழக்கத்துக்கு என்ன செய்யணுமோ செய்துகொள்ளுங்கள், எங்கள் வழக்கத்துக்கு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். பூஜையெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மிஷினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். வல்லரசுதான் விடவில்லை.

"சக்கரத்துக்குக் குடுத்தாச்சு. பிளேடுக்கு யார் குடுக்கறது? எங்க ஊர்ல ரைஸ் மில்லு போட்டப்பகூட மொதல்ல எலுமிச்சம்பழத்தைத்தான் வெட்டக் குடுத்தாங்க. இல்லாங்காட்டி அது ஆளைக் கேக்கும்."

அது நியாயமாகத்தான் பட்டது. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் புல்லுக்கு நடுவே வைத்து, எல்லாரும் தள்ளி நின்று கும்பிட, மணிமாறன் பிளேடுக்கான குமிழை இழுத்துவிட்டு அதன் மேலே மிஷினை ஓட்டினான். மிஷின் தாண்டிப் போனது. பழம் அங்கேயே இருந்தது. ஒரு கீறல் இல்லை. குங்குமம்கூடக் கலையவில்லை.

துப்புரவு வேலை செய்யும் காந்திமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து கெஸ்ட் ஹவுஸில் ஒருத்தரும் மிஷின் பக்கத்தில் வரவில்லை. போதாக்குறைக்கு மிஷினின் உடம்பெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர்கள். ஒன்றில் ஒரு கை, விரல்கள் தனித்தனியாகப் பறந்துகொண்டிருந்தன. இன்னொன்றில் ஒரு பாதம், இரண்டு துண்டாக.

"ஏன் சார், இது புல்லு வெட்டறதா, ஆளு வெட்டறதா?" என்று காந்திமதி தூரத்தில் நின்றே கேட்டாள்.

வீட்டிலும் மரியாதை இல்லை. ஹெல்மெட், மீன்பிடிக்கிறவர்களிடம் இரவல் வாங்கிய ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று அவன் கிளம்பி நின்றதைப் பார்த்து கலைப்பிரியா, "புல்லு வெட்டப் போறீங்களா, இல்ல பார்டருக்குப் போறீங்களா?" என்றாள். மணிமாறன் அதையும் பொறுத்துக்கொண்டுதான் வந்திருந்தான். இப்போது மிஷினும் சேர்ந்துகொண்டு பரிகசித்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

திண்டிவனத்திலிருந்து டிராக்டர் மெக்கானிக் தேவசகாயத்தை வரவழைத்தான்.

தேவசகாயம் பைக்கை நிறுத்திவிட்டு மிஷினை ஒரு சுற்று சுற்றிவந்தார். மணிமாறனை உட்காரச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார். மறுபடி உட்காரச் சொன்னார். பிறகு சிரித்தார்.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்சு இருக்கிறதாம். ஆள் உட்கார்ந்திருந்தால்தான் இன்ஜின் ஓடும். ஓட்டுகிறவன் தவறி விழுந்துவிட்டாலோ, அவசரப்பட்டு இறங்கிவிட்டாலோ, அவன் காலை மிஷின் வாங்கிவிடாமல் இருக்க கம்பெனிக்காரன் வைத்த பாதுகாப்பு அது. கோளாறு எதுவும் இல்லை, எழுந்து எழுந்து பார்க்காமல் ஒழுங்காக உட்கார்ந்து ஓட்டினால் போதும்.

மணிமாறன் ஒழுங்காக உட்கார்ந்து ஓட்டினான். அப்படியும் நின்றது. தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் மணிமாறன் சீட்டைவிட்டு ஓர் அங்குலம் எழும்பினான். எழும்பின அதே கணத்தில் இன்ஜின் செத்தது. அவன் உடம்பில் எலும்பையும் ஓனர் மேல் இருந்த பயத்தையும் தவிர வேறு கனமான சமாசாரம் எதுவும் கிடையாது.

"சுவிட்சு ஒயரை வெட்டி ஜாயிண்ட் குடுத்துடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை" என்றார் தேவசகாயம்.

"ஐயோ, வேணாம். சேஃப்டி. பாய் கொன்னுடுவாரு."

"அப்ப வெயிட்டான ஆளா பாத்து ஓட்டச் சொல்லு."

எல்லாரும் வல்லரசுவைப் பார்த்தார்கள். அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

"என் பொண்டாட்டி முழுவாம இருக்கா. இந்த நேரத்துல நான் எதையும் வெட்டக் கூடாது. தேங்காகூட உடைக்கறதில்ல நான். வேணும்னா எங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க."

அவன் அம்மாவைக் கேட்டுப் பார்க்க யாரும் கிளம்பவில்லை. மணிமாறன் ஸ்டோர் ரூமுக்குப் போனான். மாமனார் ஓமந்தூரிலிருந்து அனுப்பிய மல்லாட்டை மூட்டை ஒன்று, தோலோடு வேர்க்கடலை, அங்கே இருந்தது. அதைத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு மிஷினைக் கிளப்பினான். இப்போது எத்தனை குலுக்கினாலும் இன்ஜின் நிற்கவில்லை. ஆனால் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே மூட்டை மாட்டிக்கொண்டதில் வளைவு திருப்ப முடியவில்லை. மிஷின் நேராகப் போய் செம்பருத்திப் பாத்திக்குள் புகுந்து, தமன்னா ஆசையாக வைத்த செடிகளை வரிசையாகப் படுக்கவைத்தது.

சரி, மடியில் வேண்டாம், முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தான். மூட்டை சீட்டின் பாதியை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் அவன் ஒண்டிக்கொண்டான். மிஷின் அழகாக ஓடியது. திரும்பியது. தேவசகாயம்கூடப் பரவாயில்லையே என்று டீயை வாங்கிக்கொண்டு வல்லரசு பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் வழியில் ஒரு கொட்டாங்கச்சி கிடந்ததை மணிமாறன் பார்த்தான். கல்லு, குச்சி, ஓடு எது கிடந்தாலும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று பாய் சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்தால்தான் மிஷின் நின்றுவிடுமே என்ற தைரியத்தில் இறங்கினான்.

மிஷின் நிற்கவில்லை. சீட்டில் மூட்டை உட்கார்ந்திருந்தது.

குனிந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது அது அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் விலகிக் குதித்தான். அது கொட்டாங்கச்சியைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, துணி காயப்போட்ட கொடியை அறுத்துக்கொண்டு போனது. கெஸ்ட் ஹவுஸின் படுக்கை விரிப்பு ஒன்று மூட்டையின் மேல் முக்காடு மாதிரி விழுந்துகொண்டது. வெள்ளை முக்காடு போட்ட உருவம் ஒன்று தன்பாட்டுக்கு மிஷின் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்த காந்திமதி, விளக்குமாறைப் போட்டுவிட்டு ரோடு வரைக்கும் ஓடினாள். காலையில் ரூம் கேட்டு வந்து தங்கியிருந்த இரண்டு குடும்பங்களும் வேறு கெஸ்ட் ஹவுஸ் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டன.

கடைசித் தென்னையில் முட்டிக்கொண்டுதான் மிஷின் நின்றது. நின்ற இடத்திலேயே சக்கரங்கள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. தேவசகாயம் டீயை வைத்துவிட்டு நிதானமாக நடந்துபோய் சாவியை அணைத்தார். மூட்டை கிழிந்து மல்லாட்டை கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஒயரை ஜாயிண்ட் பண்றேன்னப்ப சேஃப்டின்னு வேணாம்னுட்ட" என்றார். "இப்ப மூட்டையை வெச்சி நீயே ஜாயிண்ட் பண்ணிட்ட. ரெண்டும் ஒண்ணுதான்யா."

மணிமாறனுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு ராசிபலனில் வாகன யோகம் என்று போட்டிருந்ததை நினைத்துப் பார்த்தான்.

ஆனாலும் மறுநாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பாரம் சீட்டில் இருக்கக் கூடாது, தன் மேலேயே இருக்க வேண்டும். அவன் இறங்கினால் பாரமும் இறங்கும், மிஷினும் நிற்கும். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்? மழைக்கோட்டின் பைகளில் எல்லாம் மணலை நிரப்பினான். போதாததற்கு இடுப்பைச் சுற்றி மணல் பைகளைக் கட்டிக்கொண்டான். நடந்தபோது கர்ப்பிணி மாதிரி ஆடி ஆடித்தான் நடக்க முடிந்தது. வல்லரசு சிரித்தான். மிஷின் மட்டும் சிரிக்கவில்லை. மேடோ பள்ளமோ, அடங்கி ஒடுங்கி ஓடியது. இறங்கினால் நின்றது.

மணிமாறன் புல்வெளி முழுவதையும் சுற்றிச் சுற்றி வந்தான். பிளேடுக்கான மஞ்சள் குமிழை எப்போதும்போல இழுத்துவிட்டிருந்தான். அடியிலிருந்து கடமுடவென்று சத்தம் வந்தது. போன வழியெல்லாம் புல் பாய் விரித்த மாதிரி படுத்தது. வல்லரசுவை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லிப் பாய்க்கு அனுப்பினான். ரொம்ப ஜோராக ஓட்டுகிறாய், அந்த ஹெல்மெட் போட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது என்று ஷார்ஜாவிலிருந்து பதில் வந்தது. மணிமாறன் அதைக் கலைப்பிரியாவுக்கு அனுப்ப, அவள் ஓமந்தூருக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் கடற்காற்று வீசியது. படுத்திருந்த புல் மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. பிறகு நின்றது. விளக்கு வைப்பதற்குள் பழையபடி முழங்கால் உயரத்துக்கு நின்று தலையாட்டியது.

ஒரு புல்கூட வெட்டுப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தேவசகாயம் மறுபடி வந்தார். உயரம் அதிகமாக இருக்கும் என்று லீவரை ஒரு படி இறக்கினார். வெட்டவில்லை. இன்னொரு படி இறக்கினார். வெட்டவில்லை. கடைசிப் படிக்கு இறக்கியபோது மிஷினின் வயிறு தரையைச் சுரண்டி மண்ணை வாரி எறிந்தது. அந்த நிலையிலும் புல் மட்டும் படுத்து, பிறகு எழுந்தது.

"பெல்ட்டு லூசா இருக்கணும். இல்லாங்காட்டி அடியில வேற ஏதோ இருக்குது. இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கிட்டு, சாய்ச்சுப் பாத்துடலாம்."

"கூடாது."

"யோவ், நிறுத்திட்டுத்தான்யா பாக்கப் போறோம்."

"அடியில எவனும் குனிஞ்சிகூடப் பாக்கக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காரு. பனமலைக்காரரு ஒருத்தருக்குக் கட்டைவிரல் போயிருக்குது."

"அவரு ஓடிக்கினு இருக்கறப்ப காலை வுட்டாரு. நான் நின்னுக்கினு இருக்கறப்ப கண்ணை வுடறேன். கண்ணைக்கூடவா பிளேடு வெட்டும்?"

மணிமாறன் அசையவில்லை. இத்தனை நாளில் அவன் வேலையில் உருப்படியாக மிஞ்சியிருந்தது அந்த ஒரு கீழ்ப்படிதல்தான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, நாளைக்குத் தேவசகாயத்தின் விரல் ஏதாவது போய்விட்டால், ஆசிப் அதே சாயங்காலம் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

"அடியில பாக்காம ரிப்பேர் பண்றதுக்கு நான் என்ன ஜோசியக்காரனா?" தேவசகாயம் பைக்கை உதைத்தார். "இதுக்கு மேல நீயாச்சு, உன் சேஃப்டியாச்சு. ஆளை வுடு."

அவர் போனதும் வல்லரசு கிட்டே வந்தான். "எலுமிச்சம்பழத்தை வேணாம்னுதே, அப்பவே சொன்னேன். ஒரு கோழியாவது..."

"நீ இன்னொரு வாட்டி காவுன்னு சொன்ன, உன்னையே குடுத்துடுவேன்" என்றான் மணிமாறன். பல வருஷங்களாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் அது. வல்லரசு தன் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டான்.

சரியாக அந்த நேரம் பார்த்து பாய் போன் செய்தார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏதோ கடையிலிருந்து பேசினார். பின்னால் ஒரே சத்தம்.

"மணி, அந்தப் புல்லு விஷயமா..."

"ஆயிடுச்சுங்க பாய்."

வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதிலேயே விழுந்தது.

"அதுக்குள்ளயா? மாஷா அல்லாஹ்" என்றார் பாய் சந்தோஷமாக. ஆகாவிட்டால் பரவாயில்லை, ஆள் வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் போன் செய்தாராம். மிஷினே வெட்டிவிட்டது என்றால் அதைவிட என்ன வேண்டும்? போன் கட்டாகிவிட்டது.

மணிமாறன் மிஷினின் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். கர்வத்தோடு ஓட்டிய அதே சீட்டு. ஒரு வார்த்தை பொறுத்திருந்தால், ஒரே ஒரு வார்த்தை, அவரே வழி சொல்லியிருப்பார். இப்போது ஆள் வைத்து வெட்டினாலும் திருட்டுத்தனமாகத்தான் வெட்ட வேண்டும்.

காந்திமதியைக் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவள் அவனை ஒருமாதிரி பார்த்தாள்.

"இதுக்கா சார் இம்மாம் பேஜாரு? களை எடுக்கற பொம்பளைங்க நாலு பேரைக் கூட்டியாந்தா வெயில் ஏறதுக்குள்ள முடிஞ்சிடுமே. மொதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்ல?"

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவர்கள் அரிவாளோடு வந்து உட்கார்ந்தார்கள். ஊர் வம்பு பேசிக்கொண்டே வரிசையாக நகர்ந்தார்கள். அவர்கள் நகர்ந்த இடமெல்லாம் புல் ஒரே மட்டத்துக்கு வந்தது. மணிமாறன் பின்னாலேயே நடந்து, இவ்வளவு ஒழுங்காக வேண்டாம், மிஷின் வெட்டின மாதிரி கோடு கோடாகத் தெரிய வேண்டும் என்று கெஞ்சினான். அவர்களுக்கு அது புரியவில்லை. ஒழுங்கில்லாமல் வெட்ட அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் அவனே மணலைக் கட்டிக்கொண்டு, மிஷினை ஓட்டி, வெட்டின புல்லின் மேல் சக்கரத் தடத்தால் கோடு போட்டான். பார்க்க அசல் வெளிநாட்டு லான் மாதிரியே இருந்தது. வெட்டிய புல்லைக் காந்திமதி தன் மாட்டுக்கு என்று கட்டி அனுப்பிவிட்டாள். தடயமே இல்லை.

மத்தியானம் வல்லரசு ஏர்போர்ட்டிலிருந்து பாயையும் பாயம்மாவையும் அழைத்துவந்தான். ஆசிப்பும் பின்னாலேயே பைக்கில் வந்து இறங்கினான்.

கவுஸ் பாய் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராகப் புல்வெளிக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். குனிந்து புல்லைத் தடவினார். ஆயுள் முழுக்க யாருடைய தோட்டத்துக்கோ புல் வெட்டிய மனிதர், முதல்முறையாகத் தன் சொந்தப் புல்லின் மேல் நடக்கிறார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் மணிமாறனுக்கு நெஞ்சு உறுத்தியது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஆசிப் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

"நான் முப்பது வருஷம் பாத்த வேலை மணி. இவ்ளோ சீரா நானே வெட்டினதில்ல. பிளேடு எப்படி, நல்லா கூரா இருக்குதா?"

"கூருங்களா பாய்? காத்தையே வெட்டுதுங்க. நாலு சுத்துதான் வந்தேன், புல்லு பறக்குது. ஒரு எடத்துலயும் சிக்கலை. சத்தம் கேட்டாலே எனக்கு உள்ளங்கால் கூசும், அப்படி ஒரு பிளேடு."

"யாரும் அடியில கை வெக்கலையே?"

"மெக்கானிக் சாய்ச்சுப் பாக்கறேன்னாருங்க. நான் வுடலை. நீங்க சொன்னா சொன்னதுதான்."

அது ஒன்றுதான் உண்மை. அதனால் அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் நிமிர்ந்து ஒலித்தது.

பாய் அவன் தோளில் கையைப் போட்டு எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "ஆசிப், நீயும் கேட்டுக்க. இன்னையிலிருந்து லானுக்கு மணிதான் மேனேஜர். மிஷின் ஓட்டறவன் ஆயிரம் பேர் இருப்பான். விரல் போவாம ஓட்டறவன்தான் எனக்கு வேணும்."

வல்லரசு கைதட்டினான். காந்திமதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மணிமாறன் கலைப்பிரியாவுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று பாக்கெட்டில் கைவிட்டான்.

அதுவரைக்கும் வராந்தாவில் பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்த தாஜுன்னிசா மெதுவாக இறங்கிவந்தார். கையில் துப்பட்டியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி பத்திரமாக அதைத் தூக்கிவந்து, பாயின் முன்னால் பிரித்தார். பளபளவென்று இரண்டு இரும்புத் தகடுகள் வெயிலில் மின்னின.

"கோவிச்சுக்காதீங்க. கல்யாண நேரத்துல யாருக்காச்சும் விரலு கிரலு போயிடப் போவுதுன்னு பயந்துகினு, கன்டெய்னர்ல ஏத்தறப்பவே பேக்கிங்காரங்ககிட்ட சொல்லி மிஷின்லேருந்து இந்தப் பிளேடு ரெண்டையும் நான்தான் கழட்டி வெச்சிக்கினேன். மணித் தம்பிக்கு மட்டும் இது மொத நாளே தெரியும், பாத்துட்டேன்னு சொல்லிச்சி" என்ற பாயம்மா, புல்வெளியை ஒருமுறை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது இல்லாமலே இவ்ளோ நல்லா வெட்டுதுன்னா, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாமா தம்பி?"